குளிரில் சண்டித்தனம் பண்ணும் மின்சாரக் கார்: குணங்குறி பார்த்துக் கைவைத்தியம்

ஒஸ்லோவில் மைனஸ் 15 பாகைக் குளிர் இரண்டு நாள் சேர்ந்தாற்போல நின்றால் போதும், என் தொலைபேசி அடிக்கத் தொடங்கிவிடும். "அண்ணை, பற்றரி போட்டுது போல கிடக்கு." இதுதான் வழக்கமான முதல் வசனம். நான் மெக்கானிக் இல்லை. பத்து வருடமாக மின்சாரக் கார் ஓட்டுகிறேன், எங்கள் அடுக்குமாடியில் சார்ஜர் பூட்டிய குழுவில் இருந்தேன், அவ்வளவுதான். நோர்வேயில் 2024இல் விற்ற புதுக் கார்களில் 88.9 வீதம் முழு மின்சாரக் கார்கள் என்பதால் அழைப்புகள் குறையப் போவதில்லை. எல்லோருக்கும் தனித்தனியே சொல்வதை இங்கே எழுதி வைக்கிறேன்.

எதற்கும் முதலில் ஒரு கேள்வி. முக்கால் மணித்தியாலம் ஓடிய பிறகும் அந்தக் கோளாறு இருக்கிறதா? ஓட ஓடக் குறைகிறது என்றால் பற்றரி விறைத்திருக்கிறது, பழுதாகவில்லை. லித்தியம் அயன் பற்றரிக்குள் அயன்கள் ஒரு திரவத்துக்குள்ளால் நீந்தித்தான் ஒரு கரையிலிருந்து மறுகரைக்குப் போகவேண்டும். குளிரில் அந்தத் திரவம் தடித்துவிடும். மின்சாரம் உள்ளேதான் இருக்கிறது, எடுப்பதும் போடுவதும்தான் இழுபடுகிறது. கீழே வருகிற முறைப்பாடுகளில் பாதிக்கு இதுதான் காரணம்.

400 காட்டிய கார் 260இல் முடிகிறது

விளம்பரத்தில் போடும் தூரம் 23 பாகைச் சூட்டில் செய்யும் சோதனையில் கிடைப்பது. நோர்வேயின் வாகன ஓட்டிகள் சங்கமான நாஃப், 2020இல் 20 கார்களைக் குளிரில் ஓட்டிப் பார்த்தபோது சராசரியாக 18.5 வீதம் தூரம் குறைந்தது. "என்ரை காரிலை நாற்பது குறையுதே!" என்பீர்கள். குறையும். அந்தச் சோதனையில் கார்கள் ஒரே நீட்டில் ஓடின. நாங்கள் பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் விட்டு, கடைக்குப் போய், இரண்டு மணித்தியாலம் நிறுத்தி வைத்துவிட்டு மறுபடி எடுக்கிறோம்.

ஒரு சின்னக் கணக்குப் பார்ப்போம். விறைத்துக் கிடந்த காரின் உட்புறத்தைச் சூடாக்க ஹீற்றர் முதல் பத்து நிமிடம் 5 கிலோவாற் இழுக்கும் என்று வையுங்கள். அது 0.8 யூனிற். பள்ளிக்கூடம் 5 கிலோமீற்றர். அதை ஓடித்தீர்க்க 0.9 யூனிற் போதும். ஆக, ஓடுவதற்கு எவ்வளவோ கிட்டத்தட்ட அவ்வளவும் சூட்டுக்குப் போய்விட்டது. இதே கார் 80இல் இரண்டரை மணித்தியாலம் ஓடி 200 கிலோமீற்றர் போனால், உட்புறம் ஒருமுறை சூடான பிறகு அதைக் காக்க 2 கிலோவாற் அளவே வேண்டும். மொத்தம் 5 யூனிற். ஓடுவதற்கு 40 யூனிற் செலவாகும் இடத்தில் இது ஒரு பெரிய தொகையில்லை. தூரப் பயணத்தைக் கண்டு பயப்படுகிற எங்கள் ஆட்கள், உண்மையில் காசை விடுவது ஊருக்குள் ஓடும் சின்னச் சின்ன ஓட்டங்களில்தான்.

பெற்றோல் காரில் இந்தக் கணக்கே இருந்ததில்லை. எஞ்சின் எரித்ததில் பெரும்பகுதி சூடாக வீணானது, அதில் கொஞ்சத்தைக் காருக்குள் திருப்பிவிட்டோம். இங்கே சூட்டுக்கும் விலை உண்டு.

என்ன செய்யலாம்? சார்ஜர் கொழுவியிருக்கும்போதே, புறப்பட 20 நிமிடம் முன்னால் காரைச் சூடாக்குங்கள். செயலியில் புறப்படும் நேரத்தைக் குறித்துவிட்டால் அதுவே செய்யும். முடிந்தால் சார்ஜும் அந்த நேரத்துக்குக் கிட்ட முடிகிற மாதிரி வையுங்கள். சார்ஜ் ஏறும்போது பற்றரி தானே சூடாகும், அந்தச் சூட்டோடு ஓடத் தொடங்கலாம். தனியாக ஓடும்போது கதிரைச் சூட்டைப் போட்டுக்கொண்டு உள்வெப்பத்தை இரண்டு பாகை குறையுங்கள். கதிரைக்கு நூறு வாற்றுக்குள்தான் போகும். பிள்ளைகளைக் குளிரில் வைத்துக்கொண்டு இந்தச் சிக்கனம் வேண்டாம், அதில் மிச்சம் பிடிக்கும் தூரத்தை வீட்டில் சண்டை தின்றுவிடும்.

சில்லுகளையும் பாருங்கள். கராஜின் 20 பாகையில் 2.5 பார் அடித்த காற்று, வெளியே மைனஸ் 15இல் 2.1க்கு வந்துவிடும். காற்று எங்கும் ஒழுகவில்லை, குளிரில் சுருங்கியிருக்கிறது. குளிர்ந்த ரயரிலேயே அளந்து அடியுங்கள். அத்தோடு மைனஸ் 20இல் வெளிக்காற்று, கோடைக் காற்றைவிட 16 வீதம் அடர்த்தி. நெடுஞ்சாலையில் 110 போகிறவர் 90க்கு இறங்கினால் அந்த வித்தியாசம் உடனே தெரியும்.

20 வீதம் காட்டியது திடீரென 8க்கு விழுந்தது

உங்கள் கார் எல்.எஃப்.பி. (லித்தியம் இரும்பு பொஸ்பேற்) வகைப் பற்றரியா என்று கையேட்டில் பாருங்கள். இந்த வகையில் வோல்ற்றளவு நடுவில் நெடுந்தூரம் ஒரே மட்டமாக இருப்பதால் மிச்சம் எவ்வளவு என்று கார் கணக்குப் பார்த்து ஊகிக்கிறது. பல நாள் 50க்கும் 80க்கும் இடையிலேயே வைத்திருந்தால் ஊகம் பிசகும். தயாரிப்பாளர் சொன்னபடி, பெரும்பாலும் கிழமைக்கு ஒருமுறை, 100 வரைக்கும் ஏற்றுங்கள். மற்ற வகைப் பற்றரிகளுக்கு இந்த வைத்தியம் வேண்டாம், நாளாந்தம் 80 போதும்.

150 கிலோவாற் சார்ஜரில் 28தான் ஏறுகிறது

சார்ஜரைத் திட்டுவதற்கு முன் பற்றரியின் பக்கத்தைக் கேளுங்கள். பூச்சியத்துக்குக் கீழே வேகமாகச் சார்ஜ் செய்தால் லித்தியம், பற்றரியின் ஒரு கரையாக இருக்கும் கிராஃபைற்றுக்கு உள்ளே போகாமல் மேற்பரப்பில் உலோகமாகப் படிந்துவிடும். படிந்தது திரும்பி வராது. அதனால் காரே வாசலில் நின்று மறிக்கிறது. மறிப்பது நல்லதுக்குத்தான்.

இதை நான் டொம்பாஸில் படித்தேன். ஒஸ்லோவிலிருந்து துரொன்ட்ஹைம் போகும் ஈ6 வீதியில், டொவ்ரெ மலைக்கு ஏறும் முன் இருக்கிற சின்ன ஊர். இரவு எட்டு மணிக்குப் போய்ச் சேர்ந்தோம், பற்றரியில் 18 வீதம். பிள்ளைகள் நித்திரை, எனக்கும் அலுப்பு. "விடிய ஏற்றுவம்" என்று படுத்துவிட்டேன். விடிய மைனஸ் 24. சார்ஜர் திரையில் 28 கிலோவாற். கையுறையைக் கழற்றிக் கழற்றித் திரையைத் தட்டிப் பார்த்ததில் விரல் விறைத்ததைத் தவிர ஒன்றும் நடக்கவில்லை. பக்கத்தில் ஒரு நோர்வேஜியன் கிழவர் வந்து கொழுவினார், 120இல் ஏறியது. அவர் லில்லஹாமரிலிருந்து நேராக ஓடி வந்திருக்கிறார். என்னைப் பார்த்து, "இரவே செய்திருக்க வேண்டும்" என்று மட்டும் சொல்லிவிட்டுக் கோப்பி குடிக்கப் போனார்.

அதுதான் முழு வைத்தியமும். தூரம் ஓடி வந்து பற்றரி சூடாக இருக்கும்போதே சார்ஜ் செய்யுங்கள், இரவு நிறுத்தி வைத்துவிட்டுக் காலையில் செய்யாதீர்கள். வழிகாட்டியில் சார்ஜரையே போகுமிடமாகப் போட்டால் பல கார்கள் போகிற வழியிலேயே பற்றரியைச் சூடாக்கத் தொடங்கும். போனில் இருக்கும் வரைபடத்தைப் பார்த்து ஓட்டினால் அது காருக்குத் தெரியாது, காரின் வழிகாட்டியிலேயே போடவேண்டும்.

மலை ஏறுகிறவர்களுக்கு இன்னொன்று. டொவ்ரெ வழியில் ஈ6 1,026 மீற்றர் உயரம் தொடுகிறது. இரண்டு தொன் காரைக் கடல் மட்டத்திலிருந்து அந்த உயரத்துக்குத் தூக்க மட்டும் 5.6 யூனிற் வேண்டும். இறக்கத்தில் கொஞ்சம் திரும்பக் கிடைக்கும் என்று நம்பி ஏறாதீர்கள், ஏன் என்பது அடுத்த குறியில் வருகிறது. புயல் நாளில் மலைவீதியை மூடி, பனி தள்ளும் லொறிக்குப் பின்னால் வரிசையாகத்தான் விடுவார்கள். இங்கே இதைக் கொலொன்ன என்பார்கள். அந்த வரிசை எப்போது நகரும் என்று யாருக்கும் தெரியாது. பாதிக்குக் குறைவான பற்றரியோடு அதில் போய் நிற்காதீர்கள். நின்றுவிட்டால் பதற்றப்படவும் வேண்டாம். உட்புறத்தைச் சூடாக வைத்திருக்க மணித்தியாலத்துக்கு 2 யூனிற் என்று பார்த்தால், 30 யூனிற்றில் ஓர் இரவு முழுவதும் இருக்கலாம்.

பெடலை விட்டால் கார் நிற்காமல் உருளுகிறது

கோடையில் ஒற்றைப் பெடலில் ஓட்டிப் பழகியவர்களுக்கு முதல் குளிர்நாளில் வயிறு கலங்கும். பெடலை விட்டதும் கார் வேகம் குறைவது மோட்டர் மின்சாரத்தைப் பற்றரிக்குத் திருப்பி அனுப்புவதால். விறைத்த பற்றரி அதை வாங்காது. நூறு வீதம் நிரம்பிய பற்றரியும் வாங்காது. பிரேக்கைக் காலால் மிதியுங்கள், பழைய பழக்கம் மறந்திருக்காது. கார் சூடானதும் சரியாகிவிடும்.

ஆபத்து இதற்கு எதிர்ப்பக்கத்தில் இருக்கிறது. பற்றரி சூடாகி, பெடலை விட்டதும் காரைப் பிடித்து நிறுத்தும் இழுவை திரும்பி வந்த நேரம் வீதி கண்ணாடியாய் உறைந்திருந்தால், பின்சில்லு இழுக்கிற கார்கள் பெடலை விட்ட கணத்தில் வால் ஆட்டும். கறுப்பு உறைபனி நாளில் அந்த இழுவையை மெனுவில் குறைத்துவிடுங்கள். குளிர்கால ரயருக்கு 3 மில்லிமீற்றர் தவாளிப்பு சட்டம் கேட்கும் ஆகக்குறைந்த அளவு. பாரமான காருக்கு அது போதாது என்பது என் அபிப்பிராயம்.

பிளக் கழரவில்லை

சார்ஜ் துவாரத்துக்குள் ஒரு சின்ன ஆணி பிளக்கைப் பூட்டிப் பிடித்திருக்கும். பகலில் மழை, இரவில் உறைவு என்ற நாட்களில் அந்த ஆணி பனிக்கட்டிக்குள் சிக்கிவிடும். கேத்தில் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றிய ஒருவரை எனக்குத் தெரியும், அரை மணித்தியாலத்தில் ஊற்றிய தண்ணீரும் சேர்ந்து உறைந்தது. காரைச் செயலியால் சூடாக்கிவிட்டுப் பத்து நிமிடம் பொறுங்கள். பிளக்கைக் கொஞ்சம் உள்ளே தள்ளியபடி திறக்கும் பொத்தானை அழுத்துங்கள். ஆணியை விடுவிக்க ஒரு கையிழுப்புக் கயிறு பல கார்களில் உண்டு, பெரும்பாலும் பின்பெட்டியின் பக்கச் சுவருக்குள் ஒளிந்திருக்கும். அது எங்கே என்று இன்றைக்கே தேடிப் பாருங்கள், இருட்டில் தேடுகிற சாமான் இல்லை அது.

கொழுவியும் சார்ஜ் தொடங்கவில்லை என்றால், துவாரத்துக்குள் பொடிப்பனி கிடக்கிறதா பாருங்கள். பிளக் முழுதாக உள்ளே போகாமல் ஆணி பூட்டாது, பூட்டாமல் சார்ஜும் வராது. வாயால் ஊதாதீர்கள், மூச்சின் ஈரமும் உறையும். காய்ந்த தூரிகை போதும்.

11 கிலோவாற் சார்ஜர் வாங்கினேன், 7தான் தருகிறது

சார்ஜரிலோ காரிலோ பிழையில்லை. உங்கள் வீட்டுக்கு வரும் மின்சாரம் 230 வோல்ற் ஐ.ரி. வகையாக இருக்கும். நோர்வேயின் பழைய குடியிருப்புகளில் பெரும்பாலும் இதுதான், நியூற்றல் கம்பியே இல்லாத வலையமைப்பு. காருக்குள் இருக்கும் மூன்று கட்டச் (த்ரீ பேஸ்) சார்ஜர் எதிர்பார்ப்பது 400 வோல்ற் வகையை. ஐ.ரி.யில் பல கார்கள் ஒரு கட்டத்தில்தான் வாங்கும். 32 அம்பியரில் 7.4, 16 அம்பியரில் 3.7. சில கார்கள் புவித்தொடுப்பை அளந்து பார்த்துத் திருப்தியில்லாமல் சார்ஜே செய்ய மறுக்கும். அது பதிவுபெற்ற எலக்ரீசியனின் வேலை, யூரியூப் பார்த்துக் கைவைக்கிற வேலை இல்லை. ஆனால் ஒரு விஷயம், இரவு பத்து மணித்தியாலம் கார் சும்மாதான் நிற்கிறது. 3.7 இல்கூட 35 யூனிற் ஏறிவிடும். வேகம் வேண்டும் என்று ஆயிரக்கணக்கில் செலவழிப்பதற்கு முன் உங்கள் நாளாந்த ஓட்டத்தை எழுதிப் பாருங்கள்.

சுவரில் இருக்கும் சாதாரண பிளக்கில் வருடக்கணக்காகச் சார்ஜ் செய்கிறவர்கள், ஒரு மணித்தியாலம் கழித்துப் பிளக்கைத் தொட்டுப் பாருங்கள். கை வைக்க முடியாமல் சுட்டால் அன்றோடு நிறுத்துங்கள். சுருள் வயர் போட்டு நீட்டவே கூடாது.

ஆறு மணிக்குப் பியூஸ் விழுகிறது, பில்லும் கூடிவிட்டது

எங்கள் வீடுகளில் ஆறு மணி எப்படி? அடுப்பில் புட்டும் கறியும், போறணை ஒரு பக்கம், பிள்ளைகள் குளிக்கத் தண்ணீர்த்தாங்கி 2 கிலோவாற், வெப்பப் பம்பி இன்னொரு 2. இதற்குள் வேலையால் வந்த கார் 7ஐக் கேட்கிறது. கூட்டிப் பார்த்தால் 13, 14 தாண்டும். பழைய வீட்டின் பிரதான பியூஸ் அதைத் தாங்காது.

பியூஸ் தாங்கினாலும் பில் விடாது. 2022 யூலையிலிருந்து வலையமைப்புக் கட்டணத்தின் ஒரு பகுதி, மாதத்தில் மூன்று வெவ்வேறு நாட்களின் அதியுயர் மணித்தியாலப் பாவனையைச் சராசரி எடுத்துப் போடப்படுகிறது. 5 முதல் 10 கிலோவாற் ஒரு படி, 10 முதல் 15 அடுத்த படி. மூன்றே மூன்று மாலைகளில் காரையும் போறணையையும் ஒன்றாகப் போட்டால் அந்த மாதம் முழுவதும் மேல்படிக் கட்டணம். 2025 ஒக்டோபரில் வந்த நிலையான விலைத் திட்டத்தில் சேர்ந்தவர்கள், யூனிற் ஒன்று வரிக்கு முன் 40 ஓரே (நோர்வேச் சதம்) என்று ஆகிவிட்டதால் நேரம் பார்ப்பதையே விட்டுவிட்டார்கள். யூனிற் விலைக்கு நேரம் பார்க்கத் தேவையில்லை, சரி. ஆனால் இந்தப் படிக்கணக்கு அப்படியேதான் இருக்கிறது.

காரை இரவு 11க்குப் பிறகு தொடங்க வையுங்கள். வீட்டுச் சுமையைப் பார்த்துத் தானே குறைத்துக்கொள்ளும் சுமைச் சமனிப்பு, புதுச் சார்ஜர் பூட்டும்போது கேட்டு வாங்கவேண்டிய ஒன்று. இது காசுக் கணக்கு மட்டுமில்லை. நோர்வே மின்சாரத்தில் பெரும்பங்கு நீரிலிருந்து வருவதால் எப்போது இழுத்தாலும் ஒன்றுதான் என்று சிலர் நினைக்கிறார்கள். கம்பியும் மின்மாற்றியும் கட்டப்படுவது எல்லோரும் சேர்ந்து இழுக்கும் அந்த ஒரு மாலைக்காக. எல்லோரும் கொஞ்சம் தள்ளி இழுத்தால் அடுத்த கம்பிக்காகக் காடு வெட்டவேண்டி வராது.

முன்பக்கத்தால் புகை வருகிறது

மேல்மாடி மாமி ஒருநாள் ஜன்னலைத் திறந்து, "தம்பி, உங்கடை கார் புகையுது, பிள்ளையளை இறக்கு!" என்று கத்தினார். அது நீராவி. வெப்பப் பம்பி உள்ள கார், வெளிக்காற்றிலிருந்து சூட்டை உறிஞ்சும்போது அதன் வெளிச்சுருளில் உறைபனி கட்டும். இடையிடையே அதை உருக்குகிறது. மணந்து பாருங்கள். மணம் ஒன்றுமில்லை என்றால் ஆவி. பிளாஸ்ரிக் எரியும் மணமோ இனிப்பு மணமோ வந்தால் விலகி நின்று உதவி கூப்பிடுங்கள். மாமி வீட்டு மாடத்தில் மாட்டியிருக்கும் வெப்பப் பம்பியும் மைனஸ் 5இல் இதையேதான் செய்கிறது, அதைக் காட்டிய பிறகுதான் நம்பினார்.

கண்ணாடி உள்ளால் மூடுகிறது

மின்சாரத்தை மிச்சம் பிடிக்க ஏசியை நிறுத்தியிருப்பீர்கள். ஈரத்தை எடுப்பது அதுதான். போடுங்கள், உள்காற்றைச் சுழற்றும் பொத்தானை நிறுத்துங்கள், சப்பாத்துப் பனியைத் தட்டிவிட்டு ஏறுங்கள்.

70 வீதம் இருந்தும் கதவே திறக்கவில்லை

இது எனக்கு நடந்தது. மார்கழியில் ஐந்து கிழமை யாழ்ப்பாணத்தில் நின்றோம், கார் கார்டெர்மோன் விமான நிலையத்துக்குப் பக்கத்தில் திறந்தவெளியில் நின்றது. காரைப் பனி மூடிவிட்டதா என்று மாமியார் வீட்டு விறாந்தையில் சாரத்தோடு இருந்துகொண்டு தினமும் செயலியைத் திறந்து பார்ப்பேன். மைனஸ் 12 என்ற எண்ணை எல்லோருக்கும் காட்டுவதில் ஒரு பெருமை. ஒவ்வொரு முறையும் நித்திரையில் கிடந்த காரைத் தட்டி எழுப்பியிருக்கிறேன் என்பது திரும்பி வந்து, இரண்டு பெட்டி பலகாரத்தோடு செத்த காரின் முன் நின்றபோதுதான் விளங்கியது.

பெரிய பற்றரி எவ்வளவு நிறைந்திருந்தாலும், அதை இணைக்கும் ஆளிகளை மூட ஒரு சின்ன 12 வோல்ற் பற்றரி வேண்டும். கதவுப் பூட்டு, திரை எல்லாமே அதில்தான். குளிர் அதன் வலுவைக் குறைக்கும், வயது மிச்சத்தைக் குறைக்கும். என்னுடையது ஐந்து வயது. சாவிக்குள் ஒளிந்திருக்கும் உலோகச் சாவியால் கதவைத் திறந்து, கையேடு சொல்லும் முனைகளில் மட்டும் வெளியிலிருந்து 12 வோல்ற் கொடுத்தால் கார் விழித்துவிடும். நாலு வயது தாண்டினால் ஐப்பசியிலேயே சோதித்து மாற்றுங்கள். நீளப் பயணம் போனால் காவல் கமராவை நிறுத்துங்கள். செயலியைத் திறக்காதீர்கள்.

பிரேக் கரகரக்கிறது

மின்சாரக் காரில் உண்மையான பிரேக்குக்கு வேலை குறைவு. வீதியில் உப்பு, தட்டில் ஈரம், உராய்வு இல்லை. துரு பிடிக்கிறது. நாலாம் வருடக் கட்டாயப் பரிசோதனையில் அடிபடுகிறவர்களில் பலர் பின்பிரேக்கில்தான் மாட்டுகிறார்கள். கிழமைக்கு ஒருமுறை, பின்னால் யாரும் வராத காய்ந்த வீதியில், நியூற்றலில் போட்டு 60இலிருந்து நன்றாக மிதித்து நிறுத்துங்கள். நாலைந்து தரம். கரகரப்பு ஒரு கிழமையிலும் போகவில்லை என்றால் கராஜ்.

மே மாதம் வந்தும் தூரம் திரும்பவில்லை

இப்போதுதான் பற்றரியைச் சந்தேகப்படலாம். 15 பாகைக்கு மேல் உள்ள ஒரு நாளில் 100க்கு ஏற்றி, 10 வரை ஒரே நாளில் ஓடி, கார் காட்டும் செலவான யூனிற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். அதை 0.9ஆல் வகுத்தால் பற்றரியின் இன்றைய கொள்ளளவு ஏறத்தாழக் கிடைக்கும். புதிதில் 60 இருந்தது 54 ஆகியிருந்தால் வயதுக்கேற்ற தேய்வு. 42க்குக் கீழே போயிருந்தால் புதிதில் இருந்ததில் 70 வீதம்கூட மிச்சமில்லை. பெரும்பாலான தயாரிப்பாளர்கள் 8 வருடம் அல்லது 160,000 கிலோமீற்றர் வரைக்கும் தரும் உத்தரவாதம் அந்தக் கோட்டில்தான் நிற்கிறது. உத்தரவாதம் தவிர, விற்பனையாளரிடம் வாங்கிய காருக்கு நோர்வேயின் நுகர்வோர் சட்டம் ஐந்து வருட முறைப்பாட்டு உரிமை தருகிறது. குறையைக் கண்டு இரண்டு மாதத்துக்குள் எழுத்தில் அறிவித்துவிடுங்கள். தொலைபேசியில் சொன்னதை நம்பி இருக்கவேண்டாம். மின்னஞ்சல், திரையின் படம், திகதி, அன்றைய வெப்பநிலை, எல்லாம் ஒரே உறையில்.